அழித்தால் போய்விடும் என்றிருந்த காலம்

2006, 2007 வாக்கில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் சொருகிவிட்டு வந்தால், வீட்டுக் கணினியில் மறுநாள் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று புதிதாக உட்கார்ந்திருக்கும். மஞ்சள் நிற ஃபோல்டர் படம், பழகிய பெயர். தட்டினால் சில சமயம் மை டாக்குமென்ட்ஸ் திறக்கும், சில சமயம் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததுபோல இருக்கும்போதே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அது ஃபோல்டர் அல்ல. ஃபோல்டர் படத்தைப் போட்டுக்கொண்ட எக்ஸ்இ கோப்பு. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்இ, டாக் போன்ற வாலை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்துவைக்கும். அந்த மறைப்பை நம்பித்தான் இந்த வேஷம். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழுவும் அதை நம்பித்தான், சாதாரண டெக்ஸ்ட் கோப்புபோலத் தெரியும் காதல் கடிதமாக மின்னஞ்சலில் வந்தது.

தெரிந்தவர்களுக்குக் கண்டுபிடிப்பது எளிது. வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். உண்மையான ஃபோல்டருக்கு அளவுக் கட்டம் காலியாக இருக்கும். வேஷம் போட்டதற்கு இத்தனை கேபி என்று எண் விழுந்திருக்கும். வகைக் கட்டத்தில் 'அப்ளிகேஷன்' என்றிருக்கும். கல்யாணப் படங்கள் ஃபோல்டருக்குள் 'கல்யாணப் படங்கள்', கணக்கு ஃபோல்டருக்குள் 'கணக்கு' என்று அந்தந்தப் பெயரிலேயே ஒவ்வொன்று கிடக்கும். பெயர்தான் வேறு வேறு. அளவு எல்லாவற்றுக்கும் ஒன்று. சர்ச் பெட்டியில் அந்த அளவைக் கொடுத்துத் தேடினால் டிரைவ் முழுக்க இருக்கும் பிரதிகள் வரிசையாக வந்து நிற்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம்.

பென்டிரைவில் பரவியவற்றின் உயிர் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற சின்ன டெக்ஸ்ட் கோப்பில் இருந்தது. டிரைவைத் திறந்ததும் எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் நான்கைந்து வரி, அவ்வளவுதான். "அண்ணே, டிரைவை டபுள் கிளிக் பண்ணாதீங்க, மேல அட்ரஸ் பார்ல எழுத்தை அடிச்சு உள்ள போங்க" என்று சர்வீஸ் பார்க்கும் பையன்கள் சொல்வார்கள். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சொருகுவார்கள். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, 'அட்ரிப்' கட்டளை கொடுத்து அந்தக் கோப்பின் மறைவு, சிஸ்டம், படிக்க மட்டும் என்ற மூன்று குணங்களையும் நீக்குவார்கள். நீக்காமல் 'டெல்' அடித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றுதான் பதில் வரும். அழித்த கையோடு அதே இடத்தில், அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிவைப்பார்கள். ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பதால், அடுத்த முறை வைரஸ் வந்து எழுதப் பார்த்தால் அதற்கு இடமிருக்காது. கடைக்குக் கடை வாய்வழியாகப் பரவிய இந்த வைத்தியத்தை முதலில் செய்து பார்த்தவருக்கு இன்றும் என் மரியாதை உண்டு.

எல்லாம் இவ்வளவு சுலபமாக மசியாது. மறைந்த கோப்புகளைக் காட்டு என்று ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டு மறுபடி திறந்தால், காட்டாதே என்றே இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் அந்தத் தேர்வுக்கான மதிப்பை 1இலிருந்து 0 ஆக வைரஸ் மாற்றிவைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'உங்கள் நிர்வாகி இதை முடக்கியிருக்கிறார்' என்று செய்தி வரும். வீட்டுக் கணினிக்கு ஏது நிர்வாகி? இந்தோனேசியாவில் பிறந்து 2005இலிருந்து பரவிய பிரான்டாக், ரிஜிஸ்ட்ரி எடிட்டரையே முடக்கியது. தனக்கு ஆகாத ஜன்னல் ஏதாவது திறந்தால் கணினியையே அணைத்து எழுப்பியது. சில வைரஸ்கள் ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை அரை நொடியில் மறுபடி கிளப்பிவிடும். இரண்டையும் கொல்லாமல் முதலில் உறைய வைத்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். அதற்கு மார்க் ருசினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் வேண்டியிருந்தது. அவரும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் சேர்ந்து எழுதிய ஆட்டோரன்ஸ், கணினி எழும்போது தானாக ஓடும் அத்தனையையும் பட்டியல் போட்டுக் காட்டியது. நெதர்லாந்தைச் சேர்ந்த மெரைன் பெல்லேகோம் எழுதிய ஹைஜாக்திஸ் அதே வேலையை ஒரு டெக்ஸ்ட் அறிக்கையாகத் தந்தது. எதுவும் கைகொடுக்காவிட்டால் எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் நுழைவதுதான் வழி. தேவைக்கு மேல் எதையும் ஓட்டாத அந்த நிலையில் பெரும்பாலான வைரஸ் விழிக்காது, தூங்கும்போதே அழித்துவிடலாம்.

அன்றைய கைவேலையின் உச்சம் என்று நான் நினைப்பது எஸ்-வி-சி-ஹோஸ்ட் விவகாரம். விண்டோஸின் பல சேவைகளைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ஓடும் அசல் நிரல் அது. டாஸ்க் மேனேஜரில் ஐந்தாறு முறை அதன் பெயர் தெரிவது வழக்கம் என்பதால், கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வைரஸ்களுக்கு அதைவிட நல்ல இடமில்லை. இரண்டு எழுத்தை இடம் மாற்றி எஸ்-சி-வி-ஹோஸ்ட் என்று ஒன்று வரும். ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு எஸ்-வி-ஹோஸ்ட் என்று இன்னொன்று. எழுத்தே மாறாமல், ஆனால் சிஸ்டம்32 ஃபோல்டரில் இல்லாமல் சும்மா விண்டோஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும் மற்றொன்று. பழகிய கண் முதலில் பயனர் பெயர்க் கட்டத்தைத்தான் பார்க்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் அசல் நிரல் சிஸ்டம், லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் என்ற மூன்று பெயர்களில் மட்டுமே ஓடும். வீட்டுக்காரரின் பெயரில் ஓடினால் போலி. பிறகு கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பார்கள். சிஸ்டம்32ஐத் தேதிவாரியாக அடுக்கினால், விண்டோஸ் போட்ட நாளின் கோப்புகள் எல்லாம் ஒன்றாக நிற்க, போன செவ்வாய்க்கிழமை மாலை ஒரே நிமிடத்தில் பிறந்த மூன்று கோப்புகள் தனியாகத் தெரியும். அந்த நிமிடத்தில் யார் கணினியில் உட்கார்ந்திருந்தார், எதைச் சொருகினார் என்று கேட்டால் மீதிக் கதையும் வந்துவிடும்.

சந்தேகம் தவறான இடத்திலும் விழும். 2002இல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் கணினியில் ஜே-டி-பி-ஜி-எம்-ஜி-ஆர் என்ற பெயரில், சின்னக் கரடிபொம்மை படத்தோடு ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிட்டு எல்லா நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்றது அந்தக் கடிதம். தேடினால் எல்லோரிடமும் இருந்தது. ஏனென்றால் அது மைக்ரோசாஃப்ட் வைத்த அசல் கோப்பு, ஜாவா நிரல்களைச் சரிபார்க்க உதவுவது. கரடிபொம்மை படமும் அவர்கள் வைத்ததே. அதற்கு முந்தைய ஆண்டு, நீளமான கோப்புப் பெயர்களைப் பாதுகாக்கும் இன்னொரு அசல் நிரலுக்கு இதே கதி நேர்ந்திருந்தது. வைரஸ் இல்லாமலே, வைரஸ் என்ற பயத்தைக் கொண்டே நல்ல கோப்புகளை ஜனங்களின் கையாலேயே அழிக்கவைத்தார்கள். தெரியாத பெயர், விசித்திரமான படம் இரண்டும் ஒரு கோப்பைக் குற்றவாளியாக்கப் போதாது என்பதை அப்போது பலர் கற்றுக்கொண்டார்கள்.

மனிதர்கள்தான் ஏமாறுவார்கள் என்றில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற வைரஸ் எதிர்ப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் இருந்த அசல் எஸ்-வி-சி-ஹோஸ்ட்டையே வைரஸ் என்று தீர்மானித்துத் தூக்கிவிட்டது. கணினிகள் எழுவதும் அணைவதுமாகச் சுழன்றன. வலைத் தொடர்பு அறுந்தது. எது வைரஸ் எது இல்லை என்று எல்லாச் சமயத்திலும் பிழையில்லாமல் சொல்லும் நிரலை எழுதவே முடியாது என்பதைக் கணினி ஆய்வாளர் ஃப்ரெட் கோஹன் 1980களிலேயே கணிதமாக நிறுவியிருந்தார். அந்தத் தேற்றம் எவ்வளவு கறாரானது என்பதை அன்று சர்வீஸ் ஆட்கள் மேசை மேசையாக நடந்து அனுபவித்தார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. எழுதக்கூடிய பென்டிரைவில் ஆட்டோரன் வேலை செய்யாதபடி விண்டோஸ் 7 வந்தது. 2011 பிப்ரவரியில் அந்தப் பூட்டு எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அசல் கோப்புகளை ஒளித்துவிட்டு அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும் ஷார்ட்கட் வைரஸ் அந்த மடிக்கணினிகளில் வகுப்பு வகுப்பாகச் சுற்றினாலும், அதே மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் லினக்ஸில் எழுப்பிப் பார்த்தால் பென்டிரைவில் ஒளிந்தவை எல்லாம் வெளிச்சமாகத் தெரியும் என்று கண்டுகொண்ட மாணவர்கள் இருந்தார்கள். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் ஊர் நிறுவனங்கள் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஏற்கெனவே கடைகளில் குறுந்தகடாக விற்றுக்கொண்டிருந்தன. 2012இல் வந்த விண்டோஸ் 8 வைரஸ் காவலைத் தன்னோடேயே கொண்டுவந்தது. அதன்பின் சாதாரண வீடுகளில் வைரஸ் என்ற பேச்சே மெல்ல அடங்கியது.

இன்று சந்தேகப்படுவது பெரும்பாலும் நம் வேலையாக இல்லை. நாள் ஒன்றுக்கு 4,50,000க்கு மேற்பட்ட புதிய தீய, வேண்டாத நிரல்களைப் பதிவுசெய்வதாக ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. கண்ணால் பார்த்துப் பிடிக்கிற கணக்கல்ல இது. ஒரு கோப்பை இறக்கிய நொடியிலேயே அதன் கைரேகை கணக்கிடப்பட்டு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் தீர்ப்பு திரும்பி வருகிறது. மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு தோன்றி மறைகிறது. நல்லதுதான். எக்ஸ்பி காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் அந்தக் காலத்தில் கணினி வைத்திருக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் பழைய கண்ணை அப்படியே இன்றைய கணினிமேல் வைத்தால் அது நம்மையே ஏமாற்றும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் பெரும்பாலான சேவைகளுக்கு ஆளுக்கொரு எஸ்-வி-சி-ஹோஸ்ட் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் அறுபது, எழுபது தெரிவது சகஜம். அதில் சில உங்கள் பெயரிலேயே ஓடும், அவையும் அசல்தான். பழைய விதியைப் பிடித்துக்கொண்டு 'என் பேர்ல ஓடுது, வைரஸ்' என்று அழிக்கக் கிளம்புகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. அந்தப் பெயர்மேல் வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்க வேண்டும். ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகம் இருந்தால் அதன் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை, அதாவது 64 எழுத்து நீளமுள்ள அந்தக் கைரேகையை, வைரஸ்டோட்டலில் கொடுத்துத் தேட வேண்டும். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் கைக்குப் போன அந்தச் சேவையில் பல வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் வரும். கோப்பையே ஏற்றாமல் கைரேகையை மட்டும் கொடுப்பதில் இன்னொரு நன்மை, உங்கள் ஆவணம் ஊரார் கண்ணில் படாது. எழுபது நிறுவனங்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பதற வேண்டாம். தவறான சந்தேகமாக இருக்கலாம். நாற்பது காட்டினால் யோசிக்கவே வேண்டாம்.

கையெழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது இந்தக் காலத்தின் பெரிய அதிர்ச்சி. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற புழு, ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடிய சான்றிதழால் கையெழுத்திடப்பட்டிருந்தது. 2017இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பில் நிறுவனத்தின் உண்மையான கையெழுத்தோடேயே தீய நிரல் கலந்து வெளியானது. கணினியைச் சுத்தம் செய்ய என்று லட்சக்கணக்கானோர் நிறுவிய மென்பொருள் அது. இப்போது இன்னொரு வகை பரவுகிறது. கோப்பே வராது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் திறக்கும். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். அதற்குள் உங்கள் கிளிப்போர்டில் ஒரு பவர்ஷெல் கட்டளை நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கும். மூன்று விசையையும் அழுத்துவது நீங்கள், ஓடுவது விண்டோஸின் சொந்த நிரல். எதை அழிப்பது?

இப்படி உள்ளே வருபவற்றில் பல, தகவல் திருடிகள். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை லூமா என்ற ஒரே திருடி 3,94,000 விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இதன் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமான குக்கிகள், எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும். குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லோ ஓடிபியோகூடத் தேவைப்படாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினியில் தீய நிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலையைக் கட்டுப்படுத்தும் வலை அதிலிருந்து தனியானது என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் டிட்ராக் என்று அடையாளம் காட்டிய அந்த வகை நிரலும் எதையும் உடைப்பதில்லை; விசையழுத்தங்களையும் கோப்புப் பட்டியல்களையும் சேகரிப்பதே அதன் தொழில்.

இதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான தூரத்தை நான் பார்க்கிறேன். அன்று கேடு கோப்புக்குள் இருந்தது. கோப்பை அழித்து, ரிஜிஸ்ட்ரியில் இரண்டு வரியைத் திருத்தினால், கணினி உங்களுடையதாகத் திரும்பி வந்தது. முடியாவிட்டால் ஃபார்மேட் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் முடிந்தது. இன்று ஃபார்மேட் போட்ட பிறகும் உங்கள் ஜிமெயில் இன்னொருவர் கணினியில் திறந்தே இருக்கலாம். இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் 'எல்லாம் கிளீன் பண்ணியாச்சு சார்' என்று கணினியைத் திருப்பிக் கொடுப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்குவது மட்டுமல்ல அது. ஆபத்து விலகிவிட்டது என்று ஒருவரை நம்பவைப்பது.

கைவேலைக்கு முற்றிலும் வேலை போய்விடவும் இல்லை. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடங்களில் நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றாலும், விழுந்த கணினிகளால் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. என்ன வழி? சேஃப் மோடில் எழுப்பு, சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற ஃபோல்டருக்குப் போ, 291 என்ற எண் வரும் கோப்பைத் தேடு, அழி, மறுபடி எழுப்பு. எக்ஸ்பி காலத்துப் பையன் தூக்கத்தில் செய்கிற வேலை. வித்தியாசம் ஒன்றுதான்: பல நிறுவனங்களில் ஹார்டிஸ்க் பூட்டியிருந்ததால், ஒவ்வொரு கணினிக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்த பிறகுதான் அந்தக் கோப்பை நெருங்கவே முடிந்தது.

நம் ஊரில் சந்தேகக் கோப்பு இன்று கணினியைவிடக் கைப்பேசிக்குத்தான் அதிகம் வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ, வங்கி கேஒய்சி என்றோ பெயர் சூட்டிய ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. அனுப்புவது பல சமயம் அறிந்தவரின் எண்ணாகவே இருக்கும், ஏனென்றால் அவர் கைப்பேசி நேற்றே மாட்டிக்கொண்டது. எக்ஸ்பியில் ஃபோல்டர் படம் போட்டதற்கும் இதற்கும் குணத்தில் வேறுபாடில்லை. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், நிறுவச் சொல்லாது. இந்த ஏபிகேயை நிறுவியபின் அதன் ஐகான் திரையிலிருந்து மறைந்துவிடும். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி மட்டும் அதனிடம் தங்கிவிடும்.

நீக்கும் முறை பழையதுதான். முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். கைப்பேசியிலும் சேஃப் மோட் உண்டு. பல மாடல்களில் பவர் ஆஃப் என்ற தேர்வை நீளமாக அழுத்தினால் கேட்கும். செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின், ஆக்ஸசிபிலிட்டி இரண்டிலும் அறியாத பெயருக்குக் கொடுத்த அனுமதியைப் பறித்துவிட்டு, ஆப்ஸ் பட்டியலில் அதைத் தேடி எடுங்கள். அனுமதியைப் பறிக்காமல் அன்இன்ஸ்டால் அழுத்தினால் மசியாது, அட்ரிப் அடிக்காத ஆட்டோரன்போலவே. பிறகு இன்னொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். திருடிய குக்கிகளைச் செல்லாததாக்க அதுதான் வழி. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸில் அந்நியக் கணினி இருந்தால் அகற்றுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். பணம் போயிருந்தால் இவை எதற்கும் காத்திராமல் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்வதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்கிவைக்க முடியும்.